உறையாக் குருதியும் முறிமருந்தும்

1933 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கடும் பனிப்புயலினூடே ஏறத்தாழ 190 மைல் கடந்து விவசாயி ஒருவர் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தை அடைந்தார். இறந்த பசுவொன்றும், பாற்கலம் நிறைய உறையாத குருதியும், பழுதடைந்த உலர்புல்லும் அவர் கொணர்ந்த சான்றுகளாகும். பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர்ப் புல்லே கால்நடைகளை இவ்வாறு குருதி பெருகி மடியச் செய்கின்றது என்பதனைக் கனடாவின் மிருக வைத்தியர் ஸ்கோபீல்ட் 1920களிலேயே கூறியிருந்தார். அப்புல்லில் உள்ள நஞ்சு எது என்பதே எஞ்சிய வினா. கார்ல் பவுல் லிங்க் என்பாரின் ஆய்வுகூடத்திற்கு அதற்கு விடை காண ஆறாண்டுகள் சென்றன. 1939 இல் டைகூமரோல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வழிவந்த வார்பரின் 1948 இல் எலிநஞ்சாகவே சந்தைக்கு வந்தது.

இதே காலப்பகுதியில், கோப்பன்ஹேகனில் ஹென்றிக் டாம் கொழுப்பற்ற உணவூட்டப்பட்ட கோழிக்குஞ்சுகளில் காரணமின்றிக் குருதி கசிவதைக் கண்டு, குறைபட்ட பொருளுக்கு 1935 இல் விற்றமின் கே எனப் பெயரிட்டார். ஒன்றையொன்று அறியாது வளர்ந்த இவ்விரு ஆய்வுகளும் நஞ்சும் முறியுமாய் அமைந்தமை வியப்பிற்குரியது. ஈரல் உறைதற் காரணிகளை ஆக்குவதற்கு விற்றமின் கே இன்றியமையாதது. வார்பரின் அவ்விற்றமினின் மீள்பயன்பாட்டைத் தடுக்கின்றது. 1951 இல் அமெரிக்கப் படையினர் ஒருவர் தற்கொலை நோக்குடன் வார்பரினை உட்கொண்டபோது விற்றமின் கே அவரைக் காத்தது. எலிநஞ்சு மனிதர்க்கும் மருந்தாகலாம் என்ற துணிவு இந்நிகழ்விலிருந்தே பிறந்தது எனலாம். 1954 இல் அதற்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டில் மாரடைப்புற்ற ஜனாதிபதி ஐசனோவருக்கும் அது வழங்கப்பட்டது.

ஆயினும், மூளை இப்படையினரைப் போற் காத்திருப்பதில்லை. மண்டையோடு மூடிய பேழை. அதனுட் பெருகும் குருதி மூளையையே நெருக்கும். விற்றமின் கே ஏற்றினாலும் ஈரல் புதிய காரணிகளை ஆக்கப் பல மணித்தியாலங்கள் செல்லும். ஆகவே, ஆயத்தக் காரணிகளைக் கொண்ட குருதித் திரவவிழையம் ஏற்றப்பட்டது. அதனை உறைநிலையிலிருந்து உருக்கவேண்டும், குருதி வகை பொருந்தவேண்டும், அளவோ பெரிது. முதியோரின் தளர்ந்த இதயம் அச்சுமையைத் தாங்குவது அரிது. காரணிகளை மட்டும் செறிவாக்கிய புரோத்துரொம்பின் கூட்டுச்செறிவு இக்குறையை நீக்கிற்று. 2016 இல் வெளியான சிறு ஆய்வொன்றில், மூன்று மணித்தியாலத்துள் உறைதல் இயல்புநிலையை அண்மித்தோர் திரவவிழையம் பெற்ற 23 பேருள் இருவர். செறிவு பெற்ற 27 பேருள் 18 பேர். டாமின் விற்றமினும் உடன் கொடுக்கப்படுகின்றது. ஏற்றிய காரணிகள் விரைவில் அழிவனவாதலின் ஈரலின் பணியை அதுவே மீட்கவேண்டும்.

பின்வந்த மருந்துகளின் வரலாறு வேறு. 2010 இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற டபிகத்திரான், வார்பரினிலும் குறைவாகவே மூளைக் குருதிப்பெருக்கை விளைத்தது. எனினும் அதற்குரிய முறிமருந்தான இடருசிசுமாப் 2015 இலேயே வந்தது. இவ்வைந்தாண்டு இடைவெளியை எளிதாகக் கடந்துசெல்ல இயலாது. பத்தாங் காரணியைத் தடுக்கும் மருந்துகளுக்கெதிரான அன்டெக்சனெற் 2018 இல் அனுமதி பெற்றது. மூளைக் குருதிப்பெருக்குற்றோரிடத்து நிகழ்ந்து 2024 இல் வெளியான ஆய்வில், அதனைப் பெற்றோருள் 67 வீதத்தினரிடத்துப் பெருக்கு கட்டுப்பட்டது. வழமையான சிகிச்சையில் அது 53 வீதம். ஆனால், எந்த உறைவை அஞ்சி முதலில் மருந்துண்டனரோ அவ்வுறைவுகள் மீண்டும் தோன்றின: 10.3 வீதத்தினரிடத்து; மற்றையோரில் 5.6 வீதத்தினரிடத்து. முப்பது நாளில் நேர்ந்த இறப்பில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.