ஊராத்துறைக்கு வந்த பரதேசிகள்

அந்நிய மண்ணில் கடை விரிக்கப் போகும் வணிகன் இலாபத்தை மட்டும் எண்ணுவதில்லை. அங்கே ஆள்பவன் யார், தன் பேச்சு செல்லுமா, கலம் உடைந்தால் சரக்கு யாருக்கு என்றும் எண்ணுகிறான். இவற்றுக்கு விடை சொல்லும் கல்லொன்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உண்டு.

பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. சிங்கள மன்னன் அதனைத் தமிழில் பொறித்தான். வருவோர் அறிந்த மொழி அதுவாயிருந்ததே காரணமென்று கருதுகிறேன். 'பரதேசிகள்' எனப்பட்ட பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வந்து தங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் உண்டு. யானை, குதிரை ஏற்றி வந்த மரக்கலம் கெட்டால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கெனில் பாதிக்குப் பாதி. மன்னனின் தேவைக்கேற்பவே சலுகையும் கூடிற்று.

அக்காலத்துக் கடல்வழிக் குதிரை வாணிகத்தில் அரபிகள் முன்னின்றனர். கல்லில் எஞ்சியுள்ள வரிகள் எவருடைய மார்க்கத்தையும் கேட்கவில்லை.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்திலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் பரதேசிகள் அல்லர். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய கலம் எதுவும் உடையவில்லை. ஆனாலும் முக்கால் பங்கல்ல, கால் பங்குகூட உடையவனுக்கு மிஞ்சவில்லை.