தரையில் எழுதியவர்கள்

என் அப்பா பல்லாவரத்தில் லாரிகளுக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். நம்பர், ஊர்ப் பெயர், பின்பலகையில் ஒரு தாமரை, தேர்தல் வந்தால் சுவர். ஒவ்வொரு எழுத்தையும் முடித்ததும் பிரஷைக் காதில் செருகிக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று பார்ப்பார். "எழுத்து எழுதறவனுக்கு இல்லடா, எதிர்ல வர்றவனுக்கு" என்பார். அவரிடம் பிரஷ் பிடிக்கக் கற்ற நான் தரையில் எழுதப் போனேன். இருபத்தேழு வருடம் விமான நிலையங்களில் மார்க்கிங் வேலை. முதலில் கான்ட்ராக்டரிடம் ஹெல்பர், பிறகு மேஸ்திரி.

ரன்வேயில் எழுதும் எண்ணின் உயரம் ஒன்பது மீட்டர். மூன்று மாடி வீட்டைப் படுக்க வைத்த நீளம். அகலமோ மூன்று மீட்டர்தான். பக்கத்தில் நின்றால் என்ன எண் என்றே பிடிபடாது. யாரோ பிடித்து இழுத்துவிட்டது போல ஒல்லியாகக் கிடக்கும். தாழ்வாக இறங்கி வருகிற விமானியின் கண்ணுக்குத்தான் அது சுருங்கி, ஒழுங்கான எண்ணாகத் தெரியும். அப்பா சொன்ன 'எதிர்ல வர்றவன்' அவன்தான்.

அந்த எண் ரன்வேயின் வரிசை எண் என்று பலர் நினைக்கிறார்கள். அது திசை. காந்த ஊசி காட்டும் வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்பதைப் பத்தின் மடங்காக்கி, கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டு எழுதுவது. சென்னையின் பெரிய ரன்வேயில் ஒரு முனையில் 07, மறுமுனையில் 25. முதல் முனையிலிருந்து ஓடினால் ஏறத்தாழ 70 டிகிரி, எதிர்முனையிலிருந்து 250. மதுரையில் 09, 27. விமானி தன் திசைகாட்டியையும் தரையில் எழுதியிருப்பதையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். பூமியின் காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால் சில ஊர்களில் எண்ணையே மாற்ற வேண்டி வரும். லண்டனுக்கு அருகிலுள்ள ஸ்டான்ஸ்டெட்டில் 2009இல் 05, 23 என்பதை 04, 22 என்று திருத்தி எழுதினார்கள்.

ஆகாயத்தில் போகிறவனுக்காகத் தரையில் கோடு போடும் வழக்கத்தின் பழைய கதைகளில் எனக்கு ரொம்பவும் பிடித்தது ஒரு உழவுச் சால். 1921இல் பிரிட்டிஷ் விமானப் படை கெய்ரோவிலிருந்து பாக்தாத்துக்குத் தபால் கொண்டுபோகத் தொடங்கியது. இடையில் பல நூறு மைல் வெற்றுப் பாலைவனம். ஆறு இல்லை, ரயில் பாதை இல்லை, அடையாளத்துக்கு ஒரு ஊர் இல்லை. அதனால் மோட்டார் வண்டிகளை ஓட்டி மணலில் தடம் பதித்தார்கள். தடம் நிற்காத இடத்தில் டிராக்டரில் கலப்பை பூட்டி உழுதார்கள். விதைக்க அல்ல, மேலிருந்து பார்க்க. விமானி அந்தச் சாலிலிருந்து கண்ணை எடுக்காமல் பறப்பான். வழியில் இறங்குவதற்குத் திடல்கள். வழியிலுள்ள அம்மான் நகரின் பக்கத்திலிருந்து எழுத்துகள், பாக்தாத் பக்கத்திலிருந்து எண்கள் என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இட்டார்கள்.

பிறகு அந்த வழியை இம்பீரியல் ஏர்வேஸ் எடுத்துக்கொண்டது. 1929இல் லண்டன் தபால் கராச்சி வரை வந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா அந்தத் தபாலை ஒரு சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய் ஜுஹுவுக்குக் கொண்டுவந்தார்; அங்கிருந்து பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். பாலைவனத்தில் உழுத சாலின் கடைசி முனை நம் ஊரில் வந்து முடிந்தது என்று நான் என் பையன்களிடம் சொல்வேன். வேலைக்கு வந்த பையன்களில் பலர் செங்கல்பட்டுப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள். சால் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்து விமான நிலையத்தில் ரன்வே என்று ஒன்று கிடையாது. புல்தரை, அவ்வளவுதான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதை எதிர்த்து இறங்க வேண்டும். நடுவில் வெள்ளையில் ஒரு வட்டம், ஊரின் பெயர், ஒரு காற்றுப்பை. காற்றின் திசையைக் காட்ட வெள்ளையில் ஒரு பெரிய 'டி' எழுத்து; காற்று திரும்பினால் ஆள் போய் அதையும் திருப்பி வைப்பான். நடுக்கோடு தேவைப்படவில்லை, ஏனென்றால் நடு என்று ஒன்றே இல்லை. விமானங்கள் கனத்து, உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களின் சக்கரம் புல்லில் புதைந்த பிறகுதான் கான்கிரீட்டும் தாரும் எங்கும் வந்தன. பாதை குறுகியதும் அதற்கு நடுவும் ஓரமும் முனையும் வேண்டியிருந்தது.

இந்தத் தொழிலின் முன்னோடிகளில் பெண்கள் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1930களின் நடுவில் அமெரிக்காவில் ஃபீபி ஓம்லி என்ற விமானி ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பதினைந்து மைலுக்கு ஒரு இடத்தில், களஞ்சியத்தின் கூரையோ கிடங்கின் கூரையோ, அருகிலுள்ள ஊரின் பெயரை மேலிருந்து படிக்கும்படி பெரிதாக எழுத வேண்டும். ஊர் ஊராகப் போய்க் கூரைக்காரர்களிடம் பேசிச் சம்மதம் வாங்கி இதை நடத்தியவர்கள் பெண் விமானிகள். அவர்களில் பிளான்ச் நோயஸ் என்பவர் விமான விபத்தில் கணவரைப் பறிகொடுத்தவர். போர் வந்ததும், எதிரி விமானத்துக்கு வழி தெரிந்துவிடக் கூடாது என்று கடற்கரைப் பக்கத்து எழுத்துகளை அழிக்கச் சொன்னார்கள். நோயஸ் தாம் எழுத வைத்த பெயர்களைத் தாமே கருப்படித்து மறைத்தார். போர் முடிந்ததும் மறுபடி எழுத வைத்தார். ஒரு கோட்டை அழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அறிந்தவன் நான். அந்த அம்மாவை நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

உலகம் முழுவதற்கும் ஒரே எழுத்து என்ற ஏற்பாடு போருக்குப் பிறகு வந்தது. 1944 டிசம்பரில் சிகாகோவில் நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் பிறந்த சர்வதேச அமைப்பு, விமான நிலையங்களுக்கான விதித் தொகுப்பை 1951இல் ஏற்றது. அதற்குப் பெயர் பதினான்காம் இணைப்பு. எங்கள் கூடாரத்தில் அதன் படங்கள் மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் தொங்கும். ரன்வேயில் வெள்ளை, ரன்வேக்குப் போய்வரும் பாதையான டாக்ஸிவேயில் மஞ்சள். 45 மீட்டர் அகல ரன்வேயின் வாயில் பன்னிரண்டு பட்டைகள்; அதை நாங்கள் பியானோ என்போம். பட்டைகளை எண்ணினாலே பாதையின் அகலம் தெரிந்துவிடும். தமிழோ அரபியோ தெரியாதவன்கூட எங்கள் எழுத்தைப் படிப்பான்.

விதி எழுதியாயிற்று. தரையில் எழுதினார்களா?

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயின் நாட்டுத் தீவான டெனரீஃபின் லாஸ் ரோடியோஸ் நிலையம். ரன்வே 12, 30. சென்னையின் இரண்டாவது ரன்வேக்கும் இதே எண்கள். அதில் பெயிண்ட் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு டெனரீஃப் ஞாபகம் வரும். பக்கத்துத் தீவு நிலையத்தில் குண்டு வெடித்ததால் விமானங்களை இங்கே திருப்பி விட்டிருந்தார்கள். டாக்ஸிவே முழுக்க நிறுத்தியிருந்ததால் ரன்வே மேலேயே நகர்ந்து போக வேண்டிய நிலை. மூடுபனி. பான் ஆம் விமானத்திடம், மூன்றாவது திருப்பத்தில் வெளியேறு என்றார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியும் சொன்னார்கள். திருப்பங்களில் எந்த எண்ணும் எழுதியிருக்கவில்லை. பனியில் எண்ணிக்கொண்டே போனவர்கள் மூன்றாவதைத் தாண்டிவிட்டார்கள். எதிரே கேஎல்எம் விமானம் அனுமதி கிடைக்குமுன் புறப்பட்டு வந்து மோதியது. 583 உயிர்.

முதன்மைக் காரணம் அனுமதியின்றிப் புறப்பட்டதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் என் கண் அந்த மூன்றாவது திருப்பத்தின் வாயிலேயே நிற்கிறது. அங்கே ஒரு எண் இருந்திருந்தால் விபத்து நடந்திருக்காது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எண்ண வேண்டிய தேவை இருந்திருக்காது என்று சொல்வேன்.

எழுதினால் மட்டும் போதாது என்பதை மிலான் நகரின் லினாட்டே காட்டியது. 2001 அக்டோபர் 8, அங்கேயும் பனி. ஒரு சிறு ஜெட் ஆர்5 டாக்ஸிவேக்குப் பதிலாக ஆர்6இல் போய்விட்டது. வழியில் தரையில் எழுதியிருந்த எஸ்4 என்ற அடையாளத்தை அதன் விமானி படித்து வானொலியில் சொன்னார். அப்படி ஒரு எழுத்து எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவருக்குத் தெரியவில்லை, வரைபடத்திலும் இல்லை. தரை ரேடாரும் இயங்கவில்லை. சிறு ஜெட் ரன்வேக்குள் நுழைந்தது, புறப்பட்டு ஓடிவந்த பெரிய விமானம் மோதியது, 118 பேர் இறந்தார்கள். யாரோ என்னைப் போன்ற ஒருவன் முட்டி போட்டு எழுதிய எஸ்4. அவன் சரியாகத்தான் எழுதியிருப்பான்.

எங்கள் வேலையில் எல்லாவற்றையும்விட முக்கியமான கோடு ரன்வேக்குள் நுழையும் வாயில் இருக்கிறது. டாக்ஸிவேயின் குறுக்கே மஞ்சளில் நான்கு கோடுகள்: இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. முழுக்கோடு உன் பக்கம் இருந்தால் நில். டவர் சொல்லாமல் தாண்டாதே. விட்ட கோடு உன் பக்கம் இருந்தால் நீ ரன்வேயிலிருந்து வெளியே வருகிறாய், நிற்காமல் தாண்டு. ஒவ்வொரு கோடும் 15 சென்டிமீட்டர் அகலம் இருந்தது. இப்போது இரண்டு மடங்காக்கி 30 போடச் சொல்கிறார்கள். நல்ல முடிவு.

அந்தக் கோட்டை அடிக்கும் ராத்திரியில் யாரையும் பேச விடமாட்டேன். ரன்வேயை மூடி எங்களிடம் தருவது நான்கு மணி நேரம். முதலில் துடைப்பம், பிறகு காற்று. மார்கழியில் பனி ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். ஈரத்தில் அடித்தால் ஒரு மாதத்தில் செதிலாக உரியும். நீலப்பொடி தோய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, நடுவில் நான் தூக்கி ஒரு அடி. நூலை எடுத்ததும் தரையில் நீலக் கோடு. டேப் ஒட்டி, பெயிண்ட் அடித்து, அது காய்வதற்குள் கண்ணாடி மணியைத் தூவ வேண்டும். ரவை போன்ற பொடி. சீக்கிரம் தூவினால் பெயிண்டுக்குள் மூழ்கிவிடும், தாமதித்தால் ஒட்டாது. முடிந்ததும் தரையில் படுத்து, கண் பக்கத்தில் டார்ச்சை வைத்து அடித்துப் பார்ப்பேன். வெளிச்சம் திரும்பி என் கண்ணுக்கே வந்தால் வேலை சரி. விமானத்தின் விளக்குக்கும் அப்படித்தான் திரும்பும். கிளம்புமுன் பிரஷ், டேப், நூல்கண்டு எல்லாவற்றையும் எண்ணுவோம். வரிசையாகத் தலை குனிந்து நடந்து பார்ப்போம். ஒரு ஆணி போதும், டயரையோ எஞ்சினையோ கெடுக்க.

ஒருமுறை, எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம், நூல் நழுவிக் கோடு கோணலாகிவிட்டது. நேரமில்லை, கருப்படித்து மறைத்துவிட்டு மறுநாள் புதிதாகப் போட்டோம். முதல் மழை ராத்திரியில் பார்த்தால், ஈரத் தரையில் விளக்கு படும்போது பழைய கோடும் பளபளத்தது. ஒரே வாயில் இரண்டு கோடு. அதிக அழுத்தத் தண்ணீர் இயந்திரம் வரவழைத்துச் சுரண்டி எடுக்கும் வரை நான் தூங்கவில்லை. அதன்பின் என் கீழே யாரும் கோட்டைக் கருப்பால் மறைத்ததில்லை.

விமான நிலையத்துப் பராமரிப்புக் கோப்புகளில் கையெழுத்திடும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டயர் ரப்பர் ஏறிக் கருத்த பியானோவையும், வெயிலில் வெளுத்த மஞ்சள் கோட்டையும் அடுத்த வருட பட்ஜெட்டுக்குத் தள்ளாதீர்கள். ஐப்பசி மழை பிடிக்குமுன் ஒரு கோட்டிங் அடிக்க விடுங்கள். எழுதிய எழுத்து ஒவ்வொன்றும் வரைபடத்தில் இருக்கிறதா, டவரில் உட்காருகிறவருக்குத் தெரியுமா என்று ஒரு நாள் நடந்தே சரிபாருங்கள். கூட வரச் சொன்னால் நான் வருகிறேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பயணம் போகிறவர்களுக்கு: புறப்படுமுன் விமானம் ஒரு இடத்தில் நின்று காத்திருக்கும். அது நகர்ந்து ரன்வேக்குள் திரும்பும்போது கீழே பாருங்கள். முதலில் இரண்டு முழுக்கோடு, பிறகு இரண்டு விட்ட கோடு.