கரைக்குத் திரும்பாத ஏழுவரி ஆமை

பகாங் மாநிலத்தின் மேற்கு விளிம்பில் கேமரன் மலை. கிழக்கு விளிம்பில் தென்சீனக் கடல். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், பனி தவழும் சரிவுகளில் தேயிலை தழைக்கும் மலைநாட்டிற்கும் வெயில் காயும் மணற்கரைக்கும் தொடர்பு யாது என ஒரு மாணவன் வினவக்கூடும். விடை ஆறுகளில் உள்ளது. மலையிற் பிறக்கும் பெர்த்தாம், தெலோம், லெமோய் ஆறுகள் இயற்கை வழியில் ஜெலாய் ஆற்றோடு கூடி, பகாங் ஆறாய்ப் பெருகி, பெக்கான் நகரையடுத்துக் கடலில் கலப்பன. 1963இல் நிறைவுற்ற நீர்மின் திட்டம் அந்நீரின் ஒரு பகுதியை மேற்குச் சரிவுக்குத் திருப்பியது. ஆயினும் இங்கே குறிஞ்சியும் நெய்தலும் ஒரே மாநிலத்தின் இரு முனைகள் என்பது மாறவில்லை.

அந்த நெய்தற் கரையில் பகாங்கின் செண்டோரில் பச்சை ஆமைகள் முட்டையிடுகின்றன. அதற்கு வடக்கே, திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கரையோ ஒரு காலத்தில் உலகிலேயே ஏழுவரி ஆமைகள் மிகுதியாக வந்த இடங்களுள் ஒன்று. அக்கரை ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் வெறிச்சோடிய வரலாறு, தமிழ் மாணவர் அறிந்து எண்ணிப் பார்க்கத்தக்கது.

சங்கப் புலவர் கண்ட ஆமை

கடலாமை தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. அகநானூற்றின் 160ஆம் பாடலில் குமுழிஞாழலார் நப்பசலையார், சூல் முதிர்ந்த ஆமை மணல்மேட்டில் முட்டைகளை ஈன்று மறைத்துப் புதைப்பதைக் காட்டுகிறார். முட்டையின் உருண்டை வடிவமும் புலவு நாற்றமும் அவர் கண்ணுக்கும் மூக்குக்கும் தப்பவில்லை. குஞ்சு வெளிப்படும் வரை ஆணாமை அதனைக் காப்பதாகவும் அவர் பாடுகிறார். இன்றைய உயிரியல் இதற்கு உடன்படாது. முட்டைகளை மூடிய பெண் கடலாமை கடலுக்கு மீண்டுவிடும். ஆணோ முட்டையைக் காக்கக் கரையேறுவதே இல்லை. மணலுக்குள் இருக்கும் முட்டைக்கு இயற்கை எந்தக் காவலனையும் வைக்கவில்லை. புலவர் கற்பனையில் நிறுத்திய அந்தக் காவலன் மெய்யாகவே தேவைப்பட்ட காலம் பின்னர் வந்தது.

விந்தை உயிர்

கடலாமைகளுள் மிகப் பெரியது ஏழுவரி ஆமை. வளர்ந்தது 300 முதல் 500 கிலோ வரை எடையுள்ளது. 900 கிலோவைத் தாண்டியதும் உண்டு. பிற கடலாமைகளின் முதுகில் கெட்டியான ஓடு இருக்க, இதற்குத் தோல் போர்த்த முதுகும் அதன்மேல் நெடுக ஓடும் ஏழு வரம்புகளும் உள்ளன. தமிழ்ப் பெயர் அதனால் வந்தது. மலாய் மக்கள், வரம்புகள் உடைய பெலிம்பிங் பழத்தை ஒப்புமையாக்கி ‘பென்யு பெலிம்பிங்’ என்றனர். ஒரே உறுப்பைக் கண்ட இரு மொழியினர் இரு வகையாகப் பெயரிட்டது மொழியாசிரியர்க்குச் சுவையான செய்தியாகும்.

ஊர்வன இனத்தைச் சேர்ந்ததாயினும் இவ்வாமை குளிர்ந்த கடல்களிலும் உலவ வல்லது. பேருடலும் கொழுப்பும் வெப்பத்தைக் காக்கின்றன. துடுப்புக்கால்களில் வெம்மையான குருதியைக் கொண்டு செல்லும் தமனிகளும், குளிர்ந்த குருதியை மீட்டு வரும் சிரைகளும் நெருங்கி அமைந்திருப்பதால் வெப்பம் வீணாகாது உடலுக்கே திரும்புகிறது. இழுதுமீன்களை உண்டு வாழும் இது, 1,000 மீட்டருக்கு மேலும் ஆழ்ந்து மூழ்கக்கூடியது. முட்டையிடும்போது அதன் விழியோரம் வழிவது துயரக் கண்ணீரன்று. பருகிய கடல்நீரின் மிகையுப்பை வெளியேற்றும் சுரப்பிகளின் நீர்.

முட்டை முழுதும் சந்தைக்கு

ஏழுவரி ஆமைகள் மே முதல் செப்டம்பர் வரை இரவு வேளைகளில் ரந்தாவ் அபாங்கில் கரையேறின. 1951இல் திரெங்கானு ஆமைச் சட்டம் இயற்றியது. உரிமம் பெற்றோர் முட்டை சேகரிக்க அது வழிசெய்தது. கரைகள் பகுதி பகுதியாகக் குத்தகைக்கு விடப்பட்டன. இட்ட முட்டைகள் ஏறத்தாழ முழுமையும் தோண்டி எடுக்கப்பட்டுச் சந்தைக்குச் சென்றன. 1956இல் அக்கரையில் 10,000க்கு மேற்பட்ட முட்டைக்குழிகள் கணக்கிடப்பட்டன. அத்துணைப் பெருங்கூட்டத்தைக் கண்ட எவர்க்கும் அது அழியும் என்ற ஐயம் எழாமற்போனதில் வியப்பில்லை.

ஆய்வாளர் சிலர் மட்டும் கவலை கொண்டனர். மலாயாவிலும் சரவாக்கிலும் பச்சை ஆமையை ஆராய்ந்து 1958இல் நூலளவான கட்டுரை வெளியிட்டவர் ஹெண்டிரிக்சன். அவரோடு இணைந்து 1966இல் மலாயாக் கடலாமைகள் தேர்ந்தெடுக்கும் கரைகளைப் பற்றி எழுதியவர் பாலசிங்கம். 1967இல் ஏழுவரி ஆமையின் வாழ்வியலையும் பாதுகாப்பையும் குறித்துப் பாலசிங்கம் தனிக்கட்டுரையும் வரைந்தார். மலாயா இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1961இல் ரந்தாவ் அபாங்கில் பொரிப்பகம் தொடங்கப்பட்டது. முட்டைகளில் ஒரு பங்கு அங்கே வேலியிட்ட மணலில் மீண்டும் புதைக்கப்பட்டது. குஞ்சுகள் கடலில் விடப்பட்டன. எஞ்சிய பெரும்பங்கு வழக்கம்போல் விலைக்குப் போயிற்று.

தேயிலைத் தோட்டம் தரும் விளக்கம்

முட்டைகளை எடுத்தபோதே ஆமைகள் குறையாமல், பல ஆண்டு கழித்துக் குறைந்தது ஏன்? மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு இதனை விளக்கத் தேயிலையே போதும்.

கேமரன் மலையில் ரசல் என்பார் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். காடு திருத்தி நடப்பட்ட அக்காலச் செடிகளை, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியும் கவ்வாத்து வெட்டியும் பேணின. தேயிலைச் செடி பல பத்தாண்டுகள் பயன் தரும். ஆகவே நாற்றுமேடையில் முளைக்கும் ஒவ்வொரு கன்றையும் ஒருவன் பிடுங்கி எறிந்தாலும், தோட்டம் உடனே பாழாகாது. பழைய செடிகள் தளிர்க்கும்; கூடை நிறையும்; கணக்கேட்டில் குறை தோன்றாது. முதிர்ந்த செடிகள் பட்டுப்போகத் தொடங்கும் நாளில்தான் ஈடு செய்யக் கன்று இல்லை என்பது புலனாகும். அப்போது வருந்தி நட்டாலும் கூடை நிறையப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ரந்தாவ் அபாங்கில் நிகழ்ந்தது இதுவே. ஏழுவரி ஆமை பருவமெய்தப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை ஆகலாம் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். கடலுக்குச் செல்லும் குஞ்சுகளில் ஆயிரத்திற்கு ஓரிரண்டே தாயாகித் திரும்பும் என்பர். எனவே 1956இல் கரையேறிய ஆமைகள் அவ்வாண்டின் நலத்தைக் காட்டவில்லை; முட்டைகள் மணலில் விடப்பட்ட முற்காலத்தின் நலத்தையே காட்டின.

காலம் தாழ்ந்த அறிவு

1970களிலும் 1980களிலும் துன்பங்கள் பெருகின. கடலில் வலைகளில் சிக்கி ஆமைகள் மாண்டன. வட பசிபிக் பெருங்கடலில் மைல்கணக்கில் விரிந்த மிதப்பு வலைகளும் உயிர் குடித்தன. ஐக்கிய நாடுகள் அவையின் தீர்மானத்தால் அவை 1992இன் இறுதியில்தான் நிறுத்தப்பட்டன. கரையிலோ, காண வந்த கூட்டம் விளக்கொளியாலும் கூச்சலாலும் முட்டையிட வந்த ஆமைகளை அலைக்கழித்தது. அவற்றின்மேல் ஏறி அமர்ந்தோரும் உண்டு.

இதனினும் எண்ணத்தக்கது பொரிப்பகத்தில் வெளிப்பட்ட உண்மை. கடலாமையின் பாலினம் கருவுறும்போது முடிவாவதன்று. மணலின் வெப்பமே அதனை முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 அல்லது 30 பாகைக்கு மேல் வெம்மையுற்றால் பெண்ணும், குறைந்தால் ஆணும் மிகுதியாகும். ரந்தாவ் அபாங் பொரிப்பகத்தின் வெயில் மணலில் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே பிறந்தன என்று 1980களின் ஆய்வால் தெரியவந்தது. அதற்குள் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அன்பும் உழைப்பும் குறையாத பணியே, அறிவு காலம் தாழ்ந்ததால் முழுப்பயன் தரவில்லை.

1980களின் இறுதியில் ரந்தாவ் அபாங்கில் காப்பகம் அமைந்தது. ஏழுவரி ஆமை முட்டைகளின் விற்பனையும் தடுக்கப்பட்டது. ஆனால் 1990களின் நடுவில் முட்டைக்குழிகள் 1956ஆம் ஆண்டுக் கணக்கில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தன. 2000க்குப் பின் வந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவை இட்ட முட்டைகளும் பெரும்பாலும் பொரியாமற் போயின.

மற்றொரு கரையின் விடை

சபாவின் ஆமைத் தீவுகளில் கதை வேறாயிற்று. செலிங்கான் தீவில் 1966இல் பொரிப்பகம் தோன்றியது. 1977இல் அத்தீவுகள் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. முட்டைகள் சந்தைக்குச் செல்லாது தொடர்ந்து காக்கப்பட்டன. பயன் மறுநாளே கிட்டவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே பச்சை ஆமைகளின் எண்ணிக்கை உயரத் தொடங்கியது. அழிவு காலந்தாழ்ந்து தெரிவதுபோலவே ஆக்கமும் காலந்தாழ்ந்துதான் தெரியும்.

திரெங்கானு 2022 ஜூன் முதல் நாளிலிருந்து எல்லாக் கடலாமை முட்டைகளின் விற்பனையையும் தடை செய்தது. ஏழுவரி ஆமைக்கு அது மிகத் தாழ்ந்து வந்த சட்டம். பச்சை ஆமைக்கு அவ்வாறன்று. பச்சை ஆமை பருவமெய்த இருபது முதல் நாற்பது ஆண்டுகள் வேண்டும். கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளியில் இன்று எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுமி தன் பிள்ளையைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அனுப்பும் காலத்தில்தான், இன்று செண்டோர் மணலில் விடப்பட்ட முட்டையின் விடை கரையேறும். அது வரை அந்த மணலைக் காத்து நிற்பவர், நப்பசலையார் முட்டையருகே நிறுத்திய காவலனின் இடத்தை நிரப்புபவராவர்.