வாய்க்காலும் வரிப்பணமும்: கரைவாகுப் பற்றின் உள்ளூராட்சி வரலாறு

தெரு, வடிகான், சந்தை, மயானம், தெருவிளக்கு ஆகிய இவற்றுள் எதுவும் ஒரு வீட்டாருக்கு மட்டும் உரியதன்று; யாவர்க்கும் உரியது. யாவர்க்கும் உரிய பொருளுக்கு யார் செலவு செய்வது? இந்த வினாவுக்கு ஓர் ஊர் காலந்தோறும் அளித்து வந்த விடைகளின் தொகுப்பையே அவ்வூரின் உள்ளூராட்சி வரலாறு என்கிறோம். அரசர் வரலாற்றையும் போர் வரலாற்றையும் விரும்பிப் படிக்கும் நம் இளைஞர் இவ்வரலாற்றையும் அறிந்து கொள்ளுதல் நன்று. ஏனெனில், இது நம் வாசலில் ஓடும் வடிகானின் வரலாறு.

பெரிய நீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடலோரமாகத் தொடர்ந்து செல்லும் ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இவ்விரு சமூகத்தாரின் உறவைப் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று நம் பெரியோர் கூறுவர். கிழக்கே கடல்; மேற்கே வயல். ஓரூரின் வீட்டுச் சுவர் முடியுமிடத்தில் அடுத்த ஊர் தொடங்கும். இத்தகைய நிலத்தில் எந்தப் பொதுக் கருமத்தையும் ஓர் ஊரார் தனித்துச் செய்து முடித்தல் அரிது.

வயல் கற்பித்த பாடம்

எழுதிய சட்டம் வருவதற்கு முன்னரே மட்டக்களப்புத் தெற்கின் வயல்வெளிகளில் ஒருவகை உள்ளூராட்சி நடைபெற்றது. எப்பொழுது விதைப்பது, எந்தக் கண்டத்திற்கு முதலில் நீர் விடுவது, வாய்க்காலை யார் எவ்வளவு தூரம் வெட்டுவது என்பவற்றை வயற்காரர் கூடித் தீர்மானித்தனர். அத்தீர்மானத்தை நிறைவேற்றும் பொறுப்பு வட்டவிதானையைச் சேர்ந்தது. அவருக்குரிய ஊதியத்தை வயற்காரரே நெல்லாக அளந்து கொடுத்தனர். பத்து ஏக்கர் உடையவன் ஓர் ஏக்கர் உடையவனிலும் கூடுதலாக வாய்க்கால் வெட்ட வேண்டும் என்பதே வழக்கம். பயன் பெறும் அளவுக்குப் பங்கு செலுத்துதல் என்று இன்று நிதியறிஞர் கூறும் கொள்கை இதுவேயாம்.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் இவ்வழக்கங்கள் தளர்ந்தன. 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வார்ட் இக்குறையை உணர்ந்தார். 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நெற்செய்கை பற்றிய பழைய வழக்கங்களுக்குச் சட்டவலிமை கொடுத்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தம் பெற்றதும் அவர் காலத்திலேயே. அரசாங்கம் குளத்தைத் திருத்தும். ஊரார் வாய்க்காலைப் பேணுவர். கட்டுவதற்குரிய செலவு ஒருவர் கையிலும், பேணுவதற்குரிய செலவு மற்றொருவர் கையிலும் தெளிவாகப் பிரிக்கப்பட்ட அந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் நேர்ந்த இடர்கள் பலவற்றுக்கும் இத்தெளிவு இல்லாமையே காரணம் என்பதைக் காண்போம்.

ஆறு நாள் உழைப்பு

வயலுக்கு ஒரு வழி பிறந்தது. தெருவுக்கு யாது வழி? 1848ஆம் ஆண்டின் தெருச்சட்டம் உடல்நலமுடைய ஆடவன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே வரி. வயலில் நிலத்தின் அளவுக்கேற்ப உழைத்த மக்களுக்கு இது நீதியாகத் தோன்றாமை வியப்பன்று. அவ்வாண்டு நாட்டின் சில பகுதிகளில் எழுந்த கலகத்துக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

1871இலும் 1889இலும் வந்த கிராமச் சங்கச் சட்டங்களும், அவற்றைத் திருத்தியமைத்த 1924ஆம் ஆண்டுச் சட்டமும் ஊர்க் கருமங்களை ஊர்ச் சபைகளிடம் சிறிது சிறிதாக ஒப்படைத்தன. முதலில் அரசாங்கத் தலைமைக்காரரே சபைக்கும் தலைவர். காலப்போக்கில் மக்கள் தெரிந்தெடுத்தவரே தலைவராயினர். 1936 தொடக்கம் 1947 வரை உள்ளூராட்சி மந்திரியாயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அவர்களின் காலத்தில் 1939இன் நகரசபைச் சட்டமும் 1946இன் பட்டினசபைச் சட்டமும் நிறைவேறின. நமது பகுதியில் கல்முனைப் பட்டினசபையும், கரைவாகு வடக்கு, கரைவாகு மேற்கு, கரைவாகு தெற்கு என்னும் கிராமசபைகளுமாக நான்கு சபைகள் இயங்கின.

இவற்றின் வருவாய் யாது? சோலைவரி, சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிக் கட்டணம், துவிச்சக்கர வண்டி வரி முதலியன. கடைத்தெரு உடைய சபைக்குக் கை கொஞ்சம் தாராளம். வயலும் குடிசையும் உடைய சபைக்கு அரசாங்க நன்கொடையே கதி. ஆயினும் வரி கட்டியவன் தன் தெருவில் கிறவல் விழுவதைத் தன் கண்ணாலேயே காண முடிந்தது.

நிறைவேறாத ஒரு வாசகம்

சிறிய சபைகளால் பெரிய கருமங்கள் ஆற்ற முடியாது என்பது 1950களில் யாவர்க்கும் தெளிவாயிற்று. உள்ளூராட்சியை ஆராய்ந்த சொக்சி ஆணைக்குழு 1955இல் பிராந்திய சபைகளைப் பற்றிப் பேசியது. 1957 ஜூலை 26ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்க அவர்களும் திரு. எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மொழிப் பிரச்சினையின் வரலாற்றிலே படிக்கிறோம். அதனுள் உள்ளூராட்சிக்குரிய நுட்பமான ஓர் ஏற்பாடு இருந்ததைப் பலர் கவனிப்பதில்லை.

வட மாகாணம் ஒரு பிராந்தியமாகவும், கிழக்கு மாகாணம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிராந்தியங்களாகவும் அமையும். பிராந்திய சபைகளுக்கு வரி விதிக்கவும் கடன் பெறவும் அதிகாரம் உண்டு. மத்திய அரசாங்கம் அவற்றுக்கு மொத்த நன்கொடை வழங்கும். இவற்றோடு, இரண்டு அல்லது மேற்பட்ட பிராந்தியங்கள் பொதுநலனுக்குரிய குறித்த கருமங்களுக்காக ஒத்துழைக்கலாம் என்றும் ஒப்பந்தம் கூறியது. தத்தம் தனித்தன்மையை இழக்காமல், வேண்டிய கருமத்துக்கு மட்டும் கைகோத்தல் என்னும் கருத்து அதில் எழுத்துவடிவம் பெற்றிருந்தது. கடுமையான எதிர்ப்பினால் 1958 ஏப்ரலில் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. 1965 மார்ச் மாத டட்லி–செல்வநாயகம் உடன்பாட்டில் கண்ட மாவட்ட சபைகளும் 1968இல் கைவிடப்பட்டன.

இதற்கிடையே 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிந்தது. 1949இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபையின் பெருந்திட்டத்தால் மேற்கே புதிய குடியேற்றங்கள் பெருகியிருந்தன. கடலோர மக்களின் கச்சேரி மட்டக்களப்பிலிருந்து அம்பாறை நகருக்கு மாறியது.

நான்கு ஒன்றான கதை

1980ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைச் சட்டம் கிராமசபைகளையும் பட்டினசபைகளையும் நாடெங்கும் ஒழித்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின்கீழ் முன்னைய நான்கு சபைகளின் பகுதியும் கல்முனை என்னும் ஒரே சபையாயிற்று. 2001இல் அது மாநகர சபையாக உயர்ந்தது. பல துளி சேர்ந்து பெருவெள்ளமாகும் என்பது கணக்கு. ஆயின், சேர்த்தவர் மக்களைக் கேட்டுச் சேர்த்தாரல்லர். எந்த ஊரின் வரி எந்த ஊருக்குச் செல்லும் என்று சொல்லியும் சேர்த்தாரல்லர்.

அன்று நாட்டிய வித்து இன்று முள்ளாக வளர்ந்துள்ளது. தம் பழைய கரைவாகு தெற்குச் சபை தமக்குத் திரும்ப வேண்டும் என்று சாய்ந்தமருது மக்கள் கேட்கின்றனர். 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கோரிக்கையை முன்வைத்த சுயேச்சைக் குழு அங்கே பெருவெற்றி பெற்றது. 2020 பெப்ரவரி 14இல் சாய்ந்தமருது நகரசபைக்கு வர்த்தமானி வெளியாயிற்று. சில நாட்களுக்குள்ளேயே அமைச்சரவை அதனை நிறுத்தி வைத்தது. கல்முனை முஸ்லிம்களோ, ஒரு துண்டை மட்டும் பிரித்தால் எஞ்சிய சபையில் தம் நிலை யாதாகும் என்று அஞ்சி, பிரிப்பதாயின் முன்போல் நான்காகப் பிரியுங்கள் என்கின்றனர். தமிழரோ, 1989 முதல் இயங்கிவரும் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகம் நிதியதிகாரம் உட்பட முழு அதிகாரம் பெற வேண்டும் என்கின்றனர். அதற்காக 2019 ஜூனில் சமயத் தலைவர்களும் சபை உறுப்பினர்களும் உண்ணாவிரதம் இருந்தனர்.

மூன்று கோரிக்கைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அச்சம் மறைந்திருக்கிறது. "எங்கள் பணத்தைப் பற்றி நாங்கள் இல்லாத இடத்தில் முடிவு செய்கிறார்கள்" என்பதே அவ்வச்சம். அந்த அச்சம் தமிழனுக்கும் உண்டு, முஸ்லிமுக்கும் உண்டு. அதனைப் பகையென்று பெயரிட்டு வளர்ப்போர் இரு பக்கத்திலும் உளர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டந்தானே!

பள்ளக்காட்டு வேலி

2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை எந்தச் சபையின் எல்லையையும் கேட்டு வரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டாருள் தமிழரும் முஸ்லிம்களும் பக்கம் பக்கமாகக் கிடந்தனர். அதன்பின் வெளிநாட்டு உதவிகள் வந்தன. குப்பையை அகற்றும் பிரச்சினையிலும் அயலூர்கள் சேர வேண்டியிருந்தது. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு பள்ளக்காட்டில் கழிவு முகாமைத்துவ நிலையம் ஒன்று அமைந்தது. சுற்றுப்புறத்து ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே சென்றது. அதனைச் சூழ யானைகளைத் தடுக்கும் மின்வேலியும் இருந்தது.

2014இல் அவ்வேலியை மின்னல் தாக்கியது. அதன்பின் அது திருத்தப்படவேயில்லை. யானைகள் உட்புகுந்து பிளாஸ்ரிக் கலந்த குப்பையைத் தின்றன. முன்னைய எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே மாண்டன என்று 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. பிரித்தெடுத்து மீளப் பயன்படுத்தற்குரிய குப்பை வெறுமனே குவிந்து கிடந்ததையும் அச்செய்தி கூறியது.

வேலி கட்டுவதற்குப் பணம் இருந்தது. வேலியைத் திருத்துவதற்கு இல்லை. வரவு செலவுத் திட்டத்திலே மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு என்று இரு வகை உண்டு. கட்டடம் கட்டுவது முன்னையது. அதற்குக் காவலாளியும் எண்ணெயும் திருத்தமும் ஆண்டுதோறும் தேடுவது பின்னையது. நன்கொடையாளர் முன்னையதைத் தருவர். திறப்பு விழாவும் நடைபெறும். பின்னையதை யார் தருவது என்று எழுதிவைக்காத பொதுச்சொத்து யாருக்கும் சொந்தமற்ற சொத்தாகிவிடும். பத்து ஏக்கர்காரன் இவ்வளவு தூரம், ஓர் ஏக்கர்காரன் இவ்வளவு தூரம் என்று வாய்க்காலில் அளந்து வைத்த நம் முன்னோர் இந்தத் தவறைச் செய்ததில்லை.

இன்றைய சபைகளின் கையும் எளிதில் நீளக்கூடியதன்று. நிரந்தர ஊழியரின் சம்பளத்தில் பெரும்பகுதி மாகாணத்தின் வழியாக அரசாங்கத்திடமிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் வழியாகவே வருகின்றன. கிழக்கு மாகாண சபையோ 2017 செப்டெம்பரில் தன் காலம் முடிந்து கலைந்தது. அதன்பின் ஆளுநரின் நிருவாகம். 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திறைசேரி பணம் விடுவிக்கவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்ட் மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தபொழுது, வழக்கொன்றின் காரணமாகக் கல்முனை மாநகர சபை அவற்றுள் சேரவில்லை. எல்லையைப் பற்றிய சண்டையில், எல்லைக்குள் இருப்போர் அனைவரும் தம் வாக்கை இழந்து நின்றனர்.

இனிச் செய்யற்பாலது

பிரான்சு தேசத்தில் ஏறத்தாழ 35,000 ஊர்ச் சபைகள் உள. அவற்றுட் பல நம் கிராமங்களிலும் சிறியன. அவர்கள் ஊர்களை ஒன்றாகக் கலைத்து விடவில்லை. 1890ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றி, ஊர்ச் சபைகள் குறித்த கருமங்களுக்காகக் கூட்டுச்சபை அமைத்துக்கொள்ள வழி செய்தனர். ஒவ்வோர் ஊருக்கும் தன் பெயரும் தன் தலைவரும் உண்டு. குடிநீருக்கும் குப்பைக்கும் கூட்டு உண்டு.

நமக்கும் அவ்வழி பொருந்தும். கல்முனை ஒன்றாயிருக்கட்டும், இரண்டாகட்டும், நான்காகட்டும். அதனை மக்களும் நீதியும் தீர்மானிக்கட்டும். எவ்வகையாகப் பிரிந்தாலும் மருதமுனையின் மழைநீர் பாண்டிருப்பைக் கடந்தே செல்லும். சாய்ந்தமருதின் குப்பை காரைதீவின் வெளிக்கு அப்பாலேயே செல்லும். ஆகவே எல்லைத் தீர்ப்பு வருமுன்னரே கூட்டுக் கருமங்களின் கணக்கை எழுதி வைத்தல் வேண்டும். எந்தச் சபை எத்தனை வண்டிக் குப்பை அனுப்புகிறதோ அந்த விகிதத்தில் வேலிக்கும் காவலுக்கும் அது பங்கு தரவேண்டும். பங்குக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாச் சபை வாயில்களிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். தன் பணம் சென்ற வழியைக் கண்ணாற் காண்பவன் அயலானைச் சந்தேகிப்பதற்கு இடம் குறையும்.

இளைஞர்களே! கோயில் திருவிழாவின் வரவு செலவைச் சபையிலே வாசித்து, ஒரு ரூபாய் பிழைத்தாலும் எழுந்து கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்திலும் அவ்வாறே கேட்போர் உளர். அந்தக் கண்ணோட்டத்தைச் சபையின் வரவு செலவுத் திட்டத்தின்மீதும் திருப்புங்கள். உங்கள் வட்டாரத்துச் சோலைவரி எவ்வளவு, அதில் அறவிட்டது எவ்வளவு, திருத்த வேலைக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அயலூர் முஸ்லிம் வாலிபர் கையிலும் அதே ஏடு இருக்கட்டும். இரண்டு ஏடுகளையும் ஒரு மேசையில் வைத்து ஒப்புநோக்கும் நாளில், பள்ளக்காட்டு வேலியைத் திருத்துவது யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். பெரியோர்கள் வாய்க்கால் வெட்டிய முறையைத் தாம் அறிந்தவாறு அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்களாக.