கல்தூணும் குவிமாடமும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அவனுடைய இறுதித் தூதர் மீது உண்டாவதாக.

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே அமைந்துள்ளது காயல்பட்டினம். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிக்கப்படும் வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததே. நம் மதரஸா மாணவர்களை ஒருமுறை அவ்வூருக்கு அழைத்துச் சென்றிருந்தோம். பழைமையான கற்பள்ளி ஒன்றில் லுஹர் தொழுது முடித்தபின், மாணவர் ஒருவர் தூணைத் தடவிப் பார்த்தவாறே, “உஸ்தாத், இது கோயில் தூணைப் போலவே இருக்கிறதே! இங்கே தொழுவது கூடுமா?” என்று கேட்டார்.

கூடும் என்று உடனே சொல்லிவிட்டோம். எனினும் அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. ஏனெனில் சிறுவர் மட்டுமே கேட்கும் கேள்வி அன்று அது. பழைய கற்பள்ளி உள்ள ஊர்களில் ஜமாஅத் கூட்டங்களிலும் இது எழுகின்றது. “இது கோயில் மண்டபம் போல் இருக்கின்றது. இடித்துவிட்டுக் குவிமாடமும் மினாராவும் வைத்து, இஸ்லாமிய முறைப்படி கட்டுவோம்” என்று பெரியவர்களே பேசுகின்றார்கள். கல்தூண் அந்நியமானது, குவிமாடம் நம்முடையது என்னும் இந்த எண்ணம் சரிதானா? வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிக்குச் சுவர் பச்சைச் செங்கல்; தூண் பேரீச்ச மரத்தண்டு; கூரை அதன் ஓலை. மழை பெய்தபோது கூரை ஒழுகி, ஈரமண்ணில் நபியவர்கள் ஸஜ்தா செய்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. குவிமாடம் இல்லை, மினாராவும் இல்லை. பள்ளியை அடுத்திருந்த ஒரு பெண்மணியின் வீட்டுக் கூரைமீது ஏறியே பிலால் (ரலி) அவர்கள் பாங்கு சொன்னார்கள். சுவரில் குடைந்த மிஹ்ராபும் அன்று இல்லை.

உஸ்மான் (ரலி) அவர்கள் அப்பள்ளியை விரிவாக்கியபோது செதுக்கிய கல்லாலும் சுண்ணத்தாலும் சுவர் எழுப்பி, கல்தூண்களை நிறுத்தி, தேக்கு மரத்தால் கூரை அமைத்தார்கள். ‘சாஜ்’ எனப்படும் அம்மரம் இந்தியாவிலிருந்து வருவது என்று ஹதீஸ் உரையாசிரியர்கள் விளக்குவர். செதுக்கிய கல்தூண் பள்ளிக்கு ஆகாது என்றால், நபித்தோழர் ஒருவர் மதீனாவிலேயே அதை நிறுத்தியிருக்க மாட்டார் அல்லவா?

அப்படியாயின் குவிமாடம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஷாம் தேசத்திற்குச் செல்ல வேண்டும். அங்கே நமக்கு முன்பே வேதம் அருளப்பட்டோர் இறையில்லங்களை எழுப்பியிருந்தார்கள். யூப்ரடீஸ் நதிக்கரையில் துரா யூரோப்பஸ் என்னும் நகரில் கி.பி. 244-245-ஐச் சேர்ந்த யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று 1932-இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் மேற்குச் சுவரில், பைத்துல் முகத்தஸ் இருக்கும் திசையை நோக்கி, தவ்ராத் சுருளை வைப்பதற்கு ஒரு மாடம் இருந்தது. திசை நோக்கித் தொழுவது எவ்வளவு தொன்மையான மரபு என்பதற்கு அம்மாடமே சான்று. நம் முதல் கிப்லாவும் அந்நகரே. ஹிஜ்ரத்திற்குப் பின் 16 அல்லது 17 மாதங்கள் முஸ்லிம்கள் அத்திசை நோக்கியே தொழுதார்கள். ஆயினும் அக்கூடத்தின் சுவர்களில் மூஸா (அலை) உள்ளிட்டோரின் உருவங்கள் தீட்டப்பட்டிருந்தன. அதே நகரில், ஒரு வீட்டையே தேவாலயமாக மாற்றிக்கொண்ட கிறித்தவர்களும் சுவர்களில் ஓவியம் தீட்டியிருந்தார்கள்.

கி.பி. 313-க்குப் பின் கிறித்தவர்களுக்கு வெளிப்படையாக வழிபடும் உரிமை கிடைத்தது. அப்போது அவர்கள் உரோமரின் சிலைக்கோயில் வடிவத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நீதிமன்றமாகவும் வணிகக்கூடமாகவும் பயன்பட்ட ‘பசிலிக்கா’ என்னும் நீண்ட தூண்மண்டபத்தையே எடுத்துக்கொண்டார்கள். உள்ளே மக்கள் திரளாக நிற்க இடம் தேவைப்பட்டதே காரணம். நம் பகுதியில் மெஞ்ஞானபுரத்தின் 192 அடி கோபுரத்தையும் பாளையங்கோட்டையின் ஊசிக்கோபுரத்தையும் அறியாதவர் இல்லை. அக்கோபுரங்கள் பிற்கால ஐரோப்பியப் பாணி. ஆனால் தேவாலயத்தின் நீண்ட கூடத்திற்கு மூலம் அந்த உரோமானிய மண்டபமே.

உரோமின் கிழக்குப் பேரரசான பைசாந்தியம் அடுத்த படியை எடுத்து வைத்தது. குர்ஆனின் 30-ஆம் அத்தியாயம் ‘அர்ரூம்’ என்று பெயர் பெற்றது இவர்களைக் கொண்டே. பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் 537-இல் முடிக்கப்பட்ட ஆயா சோபியா, ஏறத்தாழ 31 மீட்டர் அகலமுள்ள குவிமாடத்தைச் சதுரத் தளத்தின் மேல் நிறுத்தியது. வட்டத்தைச் சதுரத்தோடு இணைக்க நான்கு மூலைகளிலும் வளைந்த முக்கோணத் தாங்கிகளை எழுப்பினார்கள். அதன் உட்புறத்தைப் பொன் பூசிய கண்ணாடித் துண்டுகள் பதித்து ஒளிரச் செய்தார்கள். பிற்காலத்தில், எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில், திருவுருவங்கள் கூடுமா கூடாதா என்னும் பெரும் சர்ச்சை அப்பேரரசையே உலுக்கியது. 843-இல் உருவங்களை ஏற்பது என்னும் முடிவோடு அது ஓய்ந்தது.

முஸ்லிம்கள் ஷாமின் ஆட்சியாளர்கள் ஆனபோது இக்கலைகள் எல்லாம் அவர்கள் கண்முன் இருந்தன. அவர்கள் செய்தது என்ன? கலீஃபா அப்துல் மலிக், ஹிஜ்ரி 72-இல் (691-692) குப்பத்துஸ் ஸக்ராவை எழுப்பினார். எண்கோணத் திட்டமும் நடுவில் எழும் குவிமாடமும் அவ்வட்டாரக் கிறித்தவக் கட்டடங்களில் முன்பே இருந்தவை. கண்ணாடிப் பதிப்பு பைசாந்தியக் கைவினை. ஆனால் உள்ளே ஓர் உருவமும் இல்லை. மரமும் கொடியும் அணிகலனும் மட்டுமே உண்டு. அவற்றின் மேலே, ஈஸா (அலை) அவர்கள் இறைவனின் தூதரே என்று உரைக்கும் குர்ஆன் வசனங்கள் பொறிக்கப்பட்டன. அவருடைய மகன் வலீத் திமிஷ்கில் கட்டிய பெரும்பள்ளியிலும் அப்படியே. நதியும் சோலையும் மாளிகையும் சுவர்களில் விரிகின்றன; மனிதரோ விலங்கோ அங்கே இல்லை. தூண்வரிசைகள் பசிலிக்காவை நினைவூட்டுகின்றன. ஆனால் அங்கே நீளவாக்கில் ஓடிய வரிசைகள் இங்கே கிப்லாச் சுவருக்கு இணையாகக் குறுக்காக நிற்கின்றன. தொழுகையாளிகள் ஸஃப் ஸஃபாக, தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டுமே! தொழுகையின் தேவைக்கேற்ப மண்டபம் திரும்பி நின்றது. மதீனாப் பள்ளியில் குழிந்த மிஹ்ராபும் நான்கு மூலை மினாராக்களும் வந்ததும் வலீத் காலத்துத் திருப்பணியில்தான்.

பல நூற்றாண்டுகளுக்குப் பின், உஸ்மானியப் பேரரசின் கட்டடக் கலைஞர் சினான், ஆயா சோபியாவை நுணுகிக் கற்று, அதற்கு ஈடாகச் சுலைமானிய்யா பள்ளியை 1557-இல் முடித்தார். இன்று ‘இஸ்லாமிய வடிவம்’ என்று நாட்காட்டிகளில் நாம் காணும் பெருங்குவிமாடம் இவ்வழியே வந்தது. அதை இழிவாகக் கருதிச் சொல்லவில்லை. கைவினையை ஏற்று, உருவத்தை விலக்கி, கிப்லாவை நோக்கித் திருப்பியமையால் அது நம்முடையதாயிற்று.

இனித் தாமிரபரணிக் கரைக்குத் திரும்புவோம். மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டெழுதிய காயல் துறைமுகம் இப்பகுதியிலேயே இருந்தது. அரபுக் குதிரைகள் அங்கே வந்து இறங்கின. கடல்வழி வந்தோரும் இம்மண்ணில் இஸ்லாத்தை ஏற்றோரும் பள்ளி கட்ட விரும்பியபோது இங்கிருந்த கைவினை எது? கருங்கல்லைச் செதுக்கும் தமிழ்ச் சிற்பியரின் கைவினை. சதுரமும் எண்பட்டையும் மாறி மாறி வரும் தூண், பூமொட்டுத் தொங்கும் பொதிகை, கற்பலகை வேய்ந்த தட்டைக் கூரை, வெயிலையும் மழையையும் தடுக்கும் கொடுங்கை ஆகிய அனைத்தும் அவர்கள் அறிந்தவை. கோயில் தூணில் தெய்வ உருவம் நிற்கும் இடத்தில் பள்ளித் தூண்களில் தாமரையும் கொடியும் கோட்டுருவமுமே நின்றன. சுவரில் மிஹ்ராப் அமைந்தது. திமிஷ்கில் நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்றே.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கொச்சியில் 1568-இல் கட்டப்பட்ட யூதர்களின் பரதேசி தொழுகைக்கூடம் கேரள ஓட்டுக்கூரையைத் தாங்கி நிற்கின்றது. தரையில் சீனத்து நீலவண்ண ஓடுகள் பதிந்துள்ளன. உள்ளே உருவம் இல்லை. தவ்ராத் பேழை இருக்கின்றது. கோழிக்கோட்டு மிஸ்கால் பள்ளியும் மரத்தாலும் ஓட்டாலும் அடுக்கடுக்காக எழுந்ததே. அவரவர் மண்ணின் கைவினை அவரவர் வழிபாட்டுக்குப் பணி செய்துள்ளது.

மடங்கள், கிறித்தவ ஆலயங்கள், யூதர்களின் தொழுகைக்கூடங்கள், பள்ளிவாசல்கள் ஆகியவற்றைச் சூரத்துல் ஹஜ்ஜின் 40-ஆம் வசனம் ஒரே தொடரில் எடுத்துரைத்து, அவை இடிக்கப்படாமல் காக்கப்படுவதைப் பேசுகின்றது. பிறர் இறையில்லம் இடிவதையே ஒரு கேடாகக் காட்டும் வேதத்தை ஓதும் நாம், நம் முன்னோர் தொழுத இல்லத்தை வெறும் தோற்றத்தின் பொருட்டு இடிக்கலாமா?

பள்ளியை விரிவாக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. மக்கள் பெருகினால் உமர் (ரலி) அவர்களைப் போல, உஸ்மான் (ரலி) அவர்களைப் போல விரிவாக்கத்தான் வேண்டும். கூரை பழுதாகி ஆபத்து நேருமெனில் உயிரைக் காப்பதே முதற்கடமை. ஆனால் “கோயில் போல் இருக்கின்றது” என்பது இடிப்பதற்குரிய காரணம் ஆகாது. பழைய மண்டபத்தை உட்கூடமாக வைத்துக்கொண்டு, புதிய கட்டடத்தை வெளியே சேர்க்கலாம். கடப்பாரை எடுப்பதற்கு முன், கல்வெட்டு இருந்தால் படியெடுத்து, தொல்லியல் அறிந்தவரை அழைத்துக் காட்டலாம். ஒருமுறை உடைத்த தூண் திரும்பி வராது. நாளை ஒருவன் “நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?” என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், நூற்றாண்டுகளாக இம்மண்ணின் கல்லில் நின்று தொழுதோம் என்று காட்டுவதற்கு அவர்களிடம் எதுவும் எஞ்சாது.

அந்த மாணவருக்கு இப்போது முழு விடை சொல்லலாம். மகனே, தூணைப் பார்த்து அஞ்சாதே. தூண் கூரையைத் தாங்குகின்றது. அதற்கு மதம் இல்லை. நம் முகம் எந்தத் திசையை நோக்குகின்றது, நம் நெற்றி யாருக்காக மண்ணைத் தொடுகின்றது என்பதே அந்த இடத்தைப் பள்ளியாக்குகின்றது.

நம் முன்னோர் விட்டுச் சென்ற அமானிதத்தைப் பேணும் அறிவையும், அவன் இல்லங்களைத் தொழுகையால் நிரப்பும் பேற்றையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.