‘அனுப்பியிருந்தோம்’: ஆங்கில இறந்தகால நிறைவு வினையும் திருப்பூர் வணிக மடல்களும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் பாஸ்ட் பெர்ஃபெக்ட் எனப்படும் வினைவடிவம் தமிழ் மாணவருக்குச் ‘செய்திருந்தேன்’ என்னும் ஈட்டின் வழியே அறிமுகமாகிறது. அந்த ஈடு உருவான வரலாற்றையும், பின்னலாடை ஏற்றுமதி நகரமான திருப்பூரின் ஆங்கில மடல்களில் அது விளைவிக்கும் பொருள் மயக்கத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காலம், வினையெச்சம், துணைவினை, நன்னூல், திருப்பூர், வணிக ஆங்கிலம்

மூன்று காலங்களும் ஓர் எச்சமும்

நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவரின் ஊராகச் சொல்லப்படும் சனகை எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மைசூர்ப் பகுதி என்பார் ஒரு சாரார். பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அது என்பது கொங்கு நாட்டு வழக்கு. இரண்டாவது கருத்தை ஏற்றால், தமிழ்க் காலக் கோட்பாட்டைச் சுருங்கச் சொல்லி நிலைநிறுத்திய புலவர் இன்றைய பனியன் கம்பெனிகளுக்குச் சில காத தூரத்தில் பிறந்தவர் ஆவார். வழக்கு எவ்வாறாயினும் கோட்பாட்டில் ஐயமில்லை. தொல்காப்பியத்தைப் போலவே நன்னூலும் காலம் மூன்று என்றே கொள்கிறது. த், ட், ற், இன் ஆகிய இடைநிலைகள் இறந்தகாலம் காட்டும். இறந்தகாலத்துக்குள் முன்னதற்கு ஒரு வடிவம், பின்னதற்கு ஒரு வடிவம் என்ற பாகுபாடு அங்கு இல்லை.

இதைக் குறை என்று கருதுவது பிழை. நிகழ்ச்சிகளின் முன்பின்னைத் தமிழ் வினைமுற்றில் காட்டுவதில்லை, வினையெச்சத்தில் காட்டுகிறது. ‘உண்டு வந்தான்’ என்றால் உண்டல் முன்னது, வருதல் பின்னது. ‘துணியை வெட்டித் தைத்து அனுப்பினார்கள்’ என்ற தொடரில் மூன்று வினைகள் நிகழ்ந்த வரிசையிலேயே நிற்கின்றன, எதுவும் குழம்பவில்லை. செய்து என்னும் வாய்பாட்டு எச்சமே இவ்வேலையைச் செய்துவிடுவதால் தனியொரு காலவடிவத்துக்கான தேவை எழவில்லை. ஆங்கிலம் அவ்வாறன்று. பின்னதை முதலில் கூறி முன்னதை அடுத்துக் கூற நேரும்போது, வரிசை மாறியதை அம்மொழி வினையிலேயே அறிவிக்கிறது. ‘ஹேட்’ என்னும் துணைவினை அதற்குரிய அடையாளம்.

இலத்தீன் கட்டங்கள்

ஐரோப்பியப் பாதிரிமார் தமிழ் கற்றபோது இலத்தீன் இலக்கணத்தின் கட்டங்களைக் கையோடு கொண்டுவந்தனர். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றிக்கே என்றிக்கசு 1549 அளவில் போர்த்துகீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம், சீகன்பால்கு இலத்தீனில் எழுதி 1716இல் ஆல்லே நகரில் அச்சான நூல், தரங்கம்பாடியில் 1738இல் அச்சேறிய வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் ஆகியன இம்மரபில் வருவன. இலத்தீனில் ‘நிறைவினும் மேற்பட்டது’ என்று பொருள்படும் பெயருடைய ஒரு காலம் உண்டு. ஆங்கிலப் பாஸ்ட் பெர்ஃபெக்டின் பழைய பெயரான ப்ளூபெர்ஃபெக்ட் அதிலிருந்து வந்ததே. கட்டம் இருந்தால் அதை நிரப்ப ஒரு சொல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்காக எழுதப்பட்ட போப், ஆர்டன் ஆகியோரின் நூல்களில் ‘இரு’ துணைவினை பெற்ற வடிவங்கள் அக்கட்டங்களில் அமர்ந்தன: செய்திருக்கிறேன் ஒன்றுக்கு, செய்திருந்தேன் மற்றொன்றுக்கு.

இந்த ஈடு முற்றிலும் தவறன்று. ‘நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடையைப் பூட்டியிருந்தார்கள்’ என்பதில் அது நன்றாகவே பொருந்துகிறது. ‘வந்திருந்தால் கொடுத்திருப்போம்’ போன்ற நிபந்தனைத் தொடர்களிலும் இடர் இல்லை. ஆனால் ஆங்கிலேயர் தமிழ் கற்க அமைத்த பாலத்தைத் தமிழர் ஆங்கிலம் கற்கத் திருப்பிப் பயன்படுத்தியபோது சிக்கல் தோன்றியது. பள்ளிக் குறிப்பேடுகளிலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நூல்களிலும் காணும் பன்னிரண்டு கட்ட அட்டவணை இவ்வாறு திரும்பிய பாலமே. கலைச்சொல்லும் மாணவரைக் காப்பாற்றவில்லை. ‘இறந்தகால முற்று’ என்ற மொழிபெயர்ப்பு, ‘போனான்’ என்பதையும் வினைமுற்று என்றே கற்ற மாணவருக்கு எதை விளக்கும்? ‘நிறைவு’ என்னும் சொல் ஓரளவு மேலானது.

தமிழில் ‘நேற்றுக் கோவைக்குப் போயிருந்தேன்’ என்று தனியாகச் சொல்லலாம். அதற்குப் பின் நிகழ்ந்த வேறொரு செயல் அங்குத் தேவையில்லை. போய் அங்கிருந்தது, இப்போது திரும்பிவிட்டது என்ற நிலையே பொருள். அட்டவணைப்படி இதைப் பெயர்த்து ‘ஐ ஹேட் கான்’ என்று சொன்னால், ஆங்கிலேயரின் செவி அடுத்த வாக்கியத்தை எதிர்பார்த்து நிற்கும். இந்திய ஆங்கிலத்தின் பரவலான இயல்புகளுள் ஒன்றாக மொழியியலார் இதைக் குறித்துள்ளனர். இந்தியிலும் ‘கயா தா’ போன்ற வடிவம் தனித்து நிற்பதால் இதைத் தமிழரின் பிழை என்று மட்டும் ஒதுக்க இயலாது.

தந்தி முதல் மின்னஞ்சல் வரை

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920களில் தொடங்கியது. அரை நூற்றாண்டுக் காலம் அதன் சரக்கு பெரும்பாலும் உள்நாட்டுக்கான வெள்ளைப் பனியனே. 1970களின் இறுதியில் இத்தாலிய இறக்குமதியாளர் வரவால் ஏற்றுமதி வேர்கொண்டது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. வாங்குபவர் இத்தாலியர், செருமானியர் எவராயினும் மடலின் மொழி ஆங்கிலமே. இரு தரப்புக்கும் அது தாய்மொழியன்று என்பது கவனிக்கத்தக்கது.

தொடர்பு ஊடகத்துக்கு இங்கு ஒரு பங்கு உண்டு. தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம். டெலக்சுக்கு இணைப்பில் இருக்கும் நேரம் கணக்கு. இரண்டிலும் துணைவினை வீண்செலவு. ‘சாம்பிள் சென்ட் 12த்’ என்றாலே போதும். ‘ஹேவ்’, ‘ஹேட்’ என்ற தேர்வே எழாது. தொலைநகலும் பின்னர் மின்னஞ்சலும் முழு வாக்கியத்தை மீட்டுக் கொணர்ந்தன. அதனுடன் தேர்வும் வந்தது. அத்தேர்வைச் செய்யும் பொறுப்பு மெர்ச்சண்டைசர் எனப்படும் அலுவலரிடம் சேர்ந்தது. அளவு சாம்பிள், நிறச் சாம்பிள், நிட்டிங், சாயம், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் என ஒவ்வொரு கட்டமும் முடிந்ததா என்பதை நாள்தோறும் வாங்குபவருக்கு எழுதுவது அவர் வேலை.

‘சாம்பிள் அனுப்பியிருந்தோமே’ என்று தமிழில் நினைத்து ‘வீ ஹேட் சென்ட் தி சாம்பிள்’ என்று எழுதுகையில், எழுதுபவர் நினைவூட்ட மட்டுமே விரும்புகிறார். படிப்பவர் அதை வேறாகவும் கொள்ளலாம்: அனுப்பியது உண்மை, பின்னர் ஏதோ நேர்ந்து நிலைமை மாறிவிட்டது போலும். அவ்வாறாயின் மறுமொழியாக ஒரு கேள்வி வரும். அதற்கு விடையளிப்பதில் ஒரு நாள் கழியும். நாள் எண்ணிச் சரக்கு ஏற்றும் தொழிலில் ஒரு நாள் சிறிதன்று. கடல்வழிக்குரிய காலம் தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு உற்பத்தியாளரின் தலையில் விழக்கூடும். வங்கி ஆவணங்கள் இத்தகைய மயக்கத்துக்கு இடம் தருவதில்லை. 2007 சூலை முதல் நடைமுறையில் உள்ள யூ.சி.பி. 600 விதிகளின்படி, கப்பல் ரசீது சரக்கு கப்பலில் ஏற்றப்பட்டதைக் காட்டியாக வேண்டும். ஏற்றுவதற்காகப் பெற்றுக்கொண்டதாக மட்டும் அச்சிட்டிருந்தால் ஏற்றிய நாளைத் தனியே பொறிக்க வேண்டும். அங்கு முன்பின்னைக் காட்டும் வேலை வினைவடிவத்திடம் விடப்படவில்லை, தேதியிடம் விடப்பட்டுள்ளது.

2011: ‘ஹேட்’ வேண்டிய இடம்

இதனால் ‘ஹேட்’ என்பதைத் தவிர்ப்பதே நல்லது என்று சில பயிற்சியாளர் அறிவுறுத்துவது மிகை. அதுவன்றி எழுத முடியாத மடல்களும் உண்டு. நொய்யல் மாசு வழக்கில், கழிவுநீரை வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 சனவரி இறுதியில் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. துணி பிற ஊர்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் சாயத்துக்குப் போயிற்று. அந்நிலையில் தாமதத்துக்குக் காரணம் கூறும் எந்த மடலுக்கும் முன்பின் வரிசையே உயிர். ஆணை வந்தபோது துணி பட்டறைக்குப் போயிருந்ததா, ஆணை வந்த பின்னர்தான் போயிற்றா? ஒப்பந்தம் ஆணைக்கு முன்பே கையெழுத்தாகியிருந்ததா? முன்பே என்றால் தாமதம் எதிர்பாராத இடையூறு. பின்பு என்றால் தெரிந்தே ஏற்ற பொறுப்பு. தமிழில் ‘முன்பே’ என்ற சொல் சுமக்கும் எடையை ஆங்கில மடலில் ‘ஹேட்’ சுமக்கிறது. அங்கு ஆணையும் வாக்கியத்தில் உடன் நிற்பதால் படிப்பவர் அடுத்த நிகழ்ச்சியைத் தேட வேண்டியதில்லை. அட்டவணைக் கட்டமாக மனப்பாடம் செய்யப்படும் வடிவத்தை இத்தகைய இரட்டை நிகழ்ச்சித் தொடர்களில் மட்டும் வைத்துக் கற்பித்தால், ‘போயிருந்தேன்’ என்பதற்கு ‘ஐ வென்ட்’ போதும் என்பது தனியே சொல்லாமலே மாணவருக்கு விளங்கும்.