நத்தை முதல் தும்பி வரை: தொல்காப்பியரின் அறிவு வரிசை

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட மலையடிவாரச் செம்மண் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். ஈர மண்ணில் செந்நிறப் பட்டுப்பூச்சிகள் ஊர்ந்தன. இவற்றைத்தான் திருவில்லிபுத்தூர் தந்த ஆண்டாள், திருமாலிருஞ்சோலையெங்கும் பரவிய இந்திரகோபங்களாக நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் பதிகத்தில் பாடுகிறார். குனிந்து கால்களை எண்ணினோம், எட்டு! பூச்சிக்கு ஆறு கால்களே உண்டு. பெயரில் பூச்சியாயினும் இது சிலந்திக்கு உறவான உண்ணியினம். முதுகெலும்பற்ற இச்சிற்றுயிர்களைப் பழந்தமிழர் எவ்வாறு வகைப்படுத்தினர் என்ற வினா அப்போது எழுந்தது.

விடை தொல்காப்பிய மரபியலில் உள்ளது. தொடுவுணர்வு மட்டும் உடையவை புல்லும் மரமும். சுவையும் சேர்ந்தால் நந்தும் முரளும், அதாவது நத்தையும் சிப்பியும். மூக்குணர்வும் கூடினால் சிதலும் எறும்பும். கண்ணும் பெற்றால் நண்டும் தும்பியும். செவியும் மனமும் அதற்கு மேற்பட்ட படிகள்.

இன்றைய விலங்கியல் உடலமைப்பை நோக்குகிறது. நத்தையும் சிப்பியும் மெல்லுடலிகள். தாமே சுரந்த ஓட்டுக்குள் வாழ்பவை. எனினும் நத்தைக்குத் தலையுண்டு, சிப்பிக்கு இல்லை. சிதல், எறும்பு, நண்டு, தும்பி நான்கும் கணுக்காலிகள். எலும்புக்கூடு உடலுக்கு வெளியே அமைந்தவை. நண்டுக்குப் பத்துக் கால், செவுள். தும்பிக்கு ஆறு கால், மூச்சுக்குழல்கள். ஆக, மெல்லுடலி ஒரு படியிலும் கணுக்காலி அடுத்த இரு படிகளிலுமாகப் பிரிந்து நிற்பது வியப்பிற்குரியதே. சிதலின் வேலையாட்கள் பெரும்பாலும் பார்வையற்றவை என்பதும், நண்டுக்கும் தும்பிக்கும் கூட்டுக்கண் உண்டென்பதும் கூர்ந்த கவனிப்பின் பயன்.

ஆயினும் தொல்காப்பியர் அனைத்தையும் அறிந்திருந்தார் என்று முழங்குவது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. நத்தை மணம் அறியும்; எறும்புகள் பலவற்றுக்குக் கண் உண்டு. கறையான் கரப்பான்பூச்சிக்கும், எறும்பு குளவிக்கும் நெருங்கிய உறவு. வாழ்முறை ஒத்திருப்பதால் மட்டும் இரண்டும் ஓரினமாகிவிடா.

இவ்வரிசை தமிழுக்கு மட்டும் உரியதுமன்று. புழு, எறும்பு, வண்டு, மனிதன் எனப் புலன் ஒவ்வொன்றாய் ஏறும் முறை சமணரின் தத்துவார்த்த சூத்திரத்திலும் உண்டு. இவ்வொற்றுமையைச் சுட்டியே வையாபுரிப்பிள்ளை தொல்காப்பியரைச் சமணர் என்று கருதினார். ‘முதுகெலும்பற்றவை’ என்னும் பகுப்பை 1801-இல் நூலாக்கிய பிரெஞ்சு அறிஞர் லமார்க்கும், 1815-இல் தொடங்கிய பெருநூலில் விலங்குகளை உணர்வற்றவை, உணர்வுடையவை, அறிவுடையவை என மூவகைப்படுத்தினார். உடலை அறுத்துப் பார்த்தவரும் இறுதியில் ‘இது எதை உணர்கிறது?’ என்றே கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்வியே மரபியலின் கொடை என்று நாம் கருதுகிறோம். விடைகள் பழையவை, திருத்தத்தக்கவை. ஆனால் காலடியில் ஊரும் உயிருக்கும் ஓர் உலகம் புலப்படுகிறது என்று எண்ணியவர், அதை மிதிக்குமுன் சற்றே தயங்கியிருப்பார். அன்று நாமும் பாதையோரமாக விலகியே நடந்தோம்.